புள்ளி எண்ணுகிறவர்கள்

மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மீன் விற்கிறவர்களையும் தின்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த மூன்று கூட்டத்திலும் சேராமல், அடுத்தவர் பிடித்த மீனுக்குப் பெயர் சொல்வதற்கென்றே பிறவி எடுத்த நாலாவது வகை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். நான் அதற்கு இனங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். குளிர்ந்த ஓடைக்கரைகளில் காணப்படும். மார்புவரை ரப்பர் கால்சட்டை, பதினெட்டுப் பை வைத்த மேல்சட்டை, ஒவ்வொரு பையிலும் ஓர் அளவுகோலோ சாமணமோ கையேடோ பென்சிலோ, எல்லாம் இருக்கும். தூண்டில் மட்டும் நனைந்தே இருக்காது.

முதலில் எங்கள் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். ட்ரவுட் என்று ஒரு மீன். உடம்பெல்லாம் புள்ளி. சில்லென்ற ஓடைத் தண்ணீரில்தான் வாழும். அதைப் பிடிக்க எங்களுக்கு மண்புழுவெல்லாம் ஆகாது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி ஒன்றைக் கட்டி, அதை நிஜ ஈ உட்காருவதுபோல் தண்ணீர்மேல் நோகாமல் விழவைத்து, மீன் ஏமாந்து கவ்வியதும் கைவலையில் வாங்கி, ‘அடடா!’ என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். “விடறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை பிடிக்கணும்?” என்று என் மாமியார் இருபது வருஷமாகக் கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதில் தெரிந்ததும் சொல்கிறேன் என்று நானும் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

எங்கள் தூண்டில்காரர் சங்கத்து இனங்காணி ஒரு பல் டாக்டர். நீங்கள் ஒரு மீனைப் பிடித்து, மனசு பூரித்து, ‘ட்ரவுட்!’ என்று வாய்விட்டுக் கத்திப் பாருங்கள். நாலு வளைவு தள்ளி நின்றாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்து நிற்பார். “ட்ரவுட்தான். ஆனா என்ன ட்ரவுட்?” இதுதான் அந்த இனத்தின் கூவல். அந்த ‘ஆனா’வில் உங்கள் சந்தோஷம் பாதி கரைந்துவிடும். மீதிப் பாதி, அவர் மீனின் வாயைப் பிளந்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது போய்விடும். முப்பது வருஷமாக மனிதர் வாயைத் திறந்து பழகிய கை, மீன் வாயை மட்டும் சும்மா விடுமா?

தெரியாது என்ற சொல் அவர் அகராதியிலேயே கிடையாது. நிச்சயமா என்று கேட்டால் “நூத்துக்கு தொண்ணூறு” என்பார். மறுநாள் அது தப்பென்று தெரிந்தால், “அந்தப் பத்துதான் இது” என்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்! அவர் மருத்துவமனைக்குப் போனவர்களைக் கேளுங்கள். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, பழுப்பு ட்ரவுட்டுக்கும் வானவில் ட்ரவுட்டுக்கும் வால் புள்ளியில் என்ன வித்தியாசம் என்று விளக்குவார். மறுத்துப் பேச முடியாத சபை வேறெங்கே கிடைக்கும்? வீட்டில் பொரித்த மீனைத் தட்டில் வைத்தாலும் முள்ளைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாராம். “தின்னுட்டு ஆராய்ச்சி பண்ணுங்க. ஆறிப் போகுது,” என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

ஒரு சங்கத்துக்கு ஓர் இனங்காணி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு இரண்டு. இரண்டாமவர் இரும்புக்கடைக்காரர். அவர் கடை மாடியில்தான் எங்கள் கூட்டம் நடக்கும் என்பதால் வாயை மூடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. டாக்டர் எந்த இனத்தைச் சொன்னாலும் இவர் உதட்டைப் பிதுக்கி ஒரே சொல் சொல்வார்: “கலப்பு.” டாக்டர் இல்லாத நாட்களில் எந்த மீனைக் காட்டினாலும் இவருக்குக் கண்ணே தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஓடையின் மேல்பக்கத்தில் செங்கழுத்து ட்ரவுட் என்று ஒரு வகை இருப்பதாகப் பேச்சு. தொண்டைக்கு அடியில் இரண்டு பக்கமும் சிவப்புக் கீற்று. அடிநாக்கில் மணல்போலச் சின்னப் பற்கள். மொத்தமாக ஐம்பதுகூட மிச்சமில்லை என்று மீன்துறைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சங்கத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் டாக்டர் அதைப்பற்றி மூன்று சொற்பொழிவு நிகழ்த்தியிருக்கிறார். மாடிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகையும் எழுதி மாட்டியிருக்கிறார்: ‘கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடு. உன்னால் மூச்சை அடக்க முடிகிற நேரம்தான் மீனும் வெளியில் இருக்கலாம். மறக்காதே.’ எழுதியவர் அவரே. இதை நீங்களும் மறக்க வேண்டாம்.

அந்த மீனுக்காகப் பதினொரு வருஷம் காத்திருந்தவர் ஒருவர் உண்டு. எங்கள் தபால்காரம்மா. வாரத்தில் ஆறு நாள் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுப்பார். ஏழாம் நாள் விடிந்ததும் மேல்பக்கத்துக்கு நடந்துவிடுவார். கூட்டத்தில் பேசியதே இல்லை. ஒருநாள் நான்தான் கேட்டேன், கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று. “ஒரு தடவை பார்க்கணும். அப்புறம் விட்டுடணும். வேற என்ன இருக்கு?” என்றார். பதினெட்டுப் பையும் இல்லாத ஒரு பழைய மழைக்கோட்டு அவருடையது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நான் கொஞ்சம் கீழே நின்றுகொண்டிருந்தேன். தபால்காரம்மா கத்தவில்லை, முழங்காலிட்டு வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அருகில் போனேன். உள்ளே ஒரு முழம்கூட இல்லாத மீன், தொண்டையில் இரண்டு சிவப்புக் கீற்று. அவர் முகத்தை ஏன் சொல்ல வேண்டும்? வாழ்க்கையில் ஒருமுறையாவது உங்கள் முகம் அப்படி இருந்திருக்கும். முள்ளைக் கழற்றிவிட்டார். வலையைச் சாய்க்கப் போனார். அந்த நேரம் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? “டாக்டர்! செங்கழுத்து!” என்று ஓடையே அதிரக் கத்தினேன்.

அவ்வளவுதான். டாக்டர் ஒரு பக்கம், இரும்புக்கடை மறுபக்கம்.

“விட்டுடாதம்மா, விட்டுடாத! ஒரே ஒரு நிமிஷம்!” டாக்டர் மீனைத் தூக்கிவிட்டார். கை நனைந்திருந்ததா என்று கேட்காதீர்கள். “கீத்து இருக்கு. ஆனா கீத்து மட்டும் போதாது. பல்லைப் பார்க்கணும்.”

“கீத்து மங்கலா இருக்கே டாக்டரே. கலப்பு.”

“எதுய்யா மங்கல்? உம்ம கண்ணுதான் மங்கல்!”

“டாக்டர், தண்ணியில வச்சே பாருங்களேன்,” என்றார் தபால்காரம்மா.

“இதோ முடிஞ்சிடும்மா.” வாயைப் பிளந்தார். அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. “வாட்ச்காரரே, அந்த லென்ஸ் இருக்கா?”

நான் கடிகாரம் பழுது பார்க்கிறவன். கண்ணில் செருகும் லென்ஸ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். மறுக்க எனக்கு வாய் இல்லையா? இருந்தது. லென்ஸ் வழியாக நானும் ஒரு தடவை பார்க்கலாமே என்ற ஆசையும் இருந்தது.

பல் தெரிகிறது என்றார் டாக்டர். அது பல் இல்லை, மணல் என்றார் இரும்புக்கடை. சரி, புள்ளியை எண்ணுவோம் என்றார்கள். நடுக்கோட்டுக்குக் கீழே எத்தனை, வாலுக்கு அருகே எத்தனை. டாக்டருக்கு நாற்பத்தொன்று வந்தது, இரும்புக்கடைக்கு முப்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினார்கள். மீன் ஒரு தரம் துள்ளியது. “ஆடாதே,” என்று அதட்டினார் டாக்டர், நாற்காலியில் உட்கார்ந்த நோயாளியை அதட்டுவதுபோல.

“விட்டுடலாங்க. போதும்,” என்று தபால்காரம்மா இரண்டாவது தடவை சொன்னார். மூன்றாவது தடவை, “அது மூச்சு விடலை, சார்,” என்றார். இருவரும் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, செவுளை ஒருவரும் பார்க்கவில்லை.

நேரம் பார்ப்பது எனக்குத் தொழில். நாலு நிமிஷம் பத்து விநாடி. முதல் நிமிஷம் முடிந்ததும் எனக்குத் தெரியும். சுவர்ப்பலகையும் ஞாபகம் வந்தது. நான் மூச்சுக் காட்டவில்லை. கணக்கு நாற்பத்தொன்றா முப்பத்தெட்டா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

“சந்தேகமே இல்ல. நூத்துக்கு நூறு செங்கழுத்து!” என்று டாக்டர் மீனை வானத்துக்கு உயர்த்தியபோது, அது துணி மாதிரித் தொங்கியது.

தபால்காரம்மா அதை வாங்கி, ஓடுகிற தண்ணீருக்கு எதிரே தலையை வைத்து, இரண்டு கையாலும் தாங்கி, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். செவுளில் தண்ணீர் ஏறினால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். இருபத்தாறு நிமிஷம் நகர்த்தினார். கைவிரல் நீலம் பாரித்துவிட்டது. கையை எடுத்ததும் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடப் பாவமே. ஆனா ஒரு வசதி. இப்ப நிதானமா எண்ணலாம்,” என்றார். இரும்புக்கடைக்காரர், எனக்குத் தெரிந்து முதல் முறையாக, அவரோடு ஒத்துப்போனார்.

தபால்காரம்மா எழுந்து, மழைக்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “நீங்க வர்ற வரைக்கும் அதுக்குப் பேர் தேவைப்படலைங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தார். தூண்டிலை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சங்கத்தில் இரங்கல் கூட்டம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். டாக்டர் தலைமை தாங்கி, அழிந்துவரும் இனங்களை மனிதனின் அலட்சியம் எப்படிக் கொல்கிறது என்று ஒன்றேகால் மணி நேரம் கண்கலங்கினார். அன்று ஓடைக்கரையில் எடுத்த மீனின் படத்தைச் சட்டம் போட்டு அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அடியில் ‘இனம் கண்டவர்: டாக்டர்’ என்று இருக்கிறது. ஓரத்தில் ஒரு மழைக்கோட்டு முழங்கை தெரிகிறது. அது யாருடையது என்று எழுதவில்லை. இரும்புக்கடைக்காரர் பிடிவாதம் பிடித்ததால், துடுப்பில் ஒரு துண்டை வெட்டிச் சாராயப் புட்டியில் போட்டு, வெளியூர்ப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தபாலில்தானே வரும்? யார் கொண்டுவருவார்? நாங்கள் மூவரும் இரும்புக்கடை வாசலில் நின்றிருந்தோம். தபால்காரம்மா சைக்கிளை நிறுத்தி, உறையின்மேல் இருந்த பரிசோதனைச்சாலை முத்திரையைப் பார்த்தார். டாக்டரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் கிழித்துப் படித்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்!” என்றார். இரும்புக்கடைக்காரர் அதே காகிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்!” என்றார். மூன்றாவதாக நான் பிடுங்கினேன்.

அதில் என்ன எழுதியிருந்தது? செங்கழுத்துதானா, கலப்பா?

பார்த்தீர்களா, இந்தக் கேள்வி உங்கள் நாக்கு நுனிக்கு எப்போதோ வந்துவிட்டது. மறைக்காதீர்கள். அந்த அம்மாள் அதற்கப்புறம் ஓடைப்பக்கம் வந்தாரா, அவர் தூண்டில் இன்னும் என் கடை மூலையில்தான் கிடக்கிறதா என்று கேட்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றியதா? எனக்கும்தான் தோன்றவில்லை, அந்தத் தெருமுனையில் அவர் சைக்கிள் மறைவதற்குள் நான் காகிதத்துக்குள் தலையை விட்டுவிட்டேன். ஆகையால் வெட்கப்படாமல் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேல்பக்கத்தில் இருப்போம், என் பக்கத்தில் இடம் இருக்கிறது. லென்ஸ் நான் கொண்டுவருகிறேன்.