அன்னார் தம்மைப் பற்றி எழுதியது

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அன்னாருடைய ஒப்புதலின்றி எவரும் முழுமையாக இறந்ததில்லை. மருத்துவர் சான்றிதழில் கையொப்பமிடலாம். உறவினர் தலைவிரித்து அழலாம். ஆயினும் துறைமுகத்துக்குப் போகும் வீதியிலுள்ள சிற்றச்சகத்தின் பின்னறையில் அமர்ந்து அவர் எழுதிக் கொடுத்த வாசகம் கறுப்புக் கரையுடன் சுவரில் ஏறும் வரையில், இறந்தவர் சற்று வெளியே போயிருப்பவராகவே ஊராரால் கருதப்பட்டார்.

மரண அறிவித்தல்களையும், முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் நினைவு மலர்களையும் எழுதுவது அவருடைய தொழில். அவற்றில் பிழை திருத்துவது என்னுடையது. இறந்தவரை 'அன்னார்' என்று குறிப்பிடுவது அவ்வறிவித்தல்களின் மரபு. எழுதியெழுதிப் பழகியதனால், உயிரோடிருப்பவர்களையும் அவர் அவ்வாறே குறிப்பிடத் தலைப்பட்டார். தேநீர்க் கடையில் என்னைச் சுட்டி, "அன்னாருக்குச் சீனி குறைச்சுப் போடும்" என்று அவர் முதன்முறை சொன்னபோது, நான் மேசையின் கீழ் என் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்படியாக அந்தப் பெயர் அவரிடமே தங்கிவிட்டது. இயற்பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருடைய வீட்டு வாசலில் நிற்பவருக்கும் வழி தெரியாது. "அன்னாரண்ணை" என்றால் எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போல் திரிந்து படுத்திருக்கும் மானும் எழுந்து வழிவிடும்.

இறந்தவரைக் குறைத்து அவர் ஓர் எழுத்தும் எழுதியதில்லை. கஞ்சன் ஒருவர் இறந்தால் அவர் 'எளிமையின் இருப்பிடம்' ஆனார். அயலாருடன் வாழ்நாளெல்லாம் வேலிச் சண்டை பிடித்தவர் 'எல்லைகளில் தெளிவு மிக்கவர்' என்று போற்றப்பட்டார். மீன் மொத்த வியாபாரி ஒருவர் நோயுற்றிருந்தபோது, தம் நினைவு மலரை முன்கூட்டியே பார்த்துவிட விரும்பினார். அதில் 'எவரையும் கடிந்து பேசாதவர்' என்றிருந்தது. வாசித்த நாள்முதல் அவர் கூலியாட்களை ஏசுவதை விட்டொழித்தார். விட்டதன் பயனோ என்னவோ, உடல் தேறியும் எழுந்தார். அவருடைய மனைவி அச்சகத்துக்கு ஓடி வந்து, "அன்னாரண்ணை, குடிக்கிறேல்ல எண்டும் ஒரு வரி சேர்த்துவிடுங்கோவன்!" என்று மன்றாடினார்.

அவர் வளைந்து கொடுக்காத இடமும் உண்டு. சம்பூர் முதியவர் ஒருவர் இறந்தபோது, 'சம்பூரைப் பிறப்பிடமாகக் கொண்டவர்' என்று தொடங்கி, போர்க்காலத்தில் அவர் தங்க நேர்ந்த முகாம்கள் ஒவ்வொன்றையும் வதிவிடமாகக் குறிப்பிட்டு, 'மீண்டும் சம்பூரை' என்று முடித்திருந்தார். வரி நீள்கிறது, இடம் போதாது என்றார் மகன்.

"தம்பி, அது உங்கட அப்பா நடந்த தூரம். என்னால குறைக்க ஏலாது."

எழுத்தைச் சிறிதாக்கி அடித்தோம்.

சென்ற ஆண்டு, நிரோஜா என்னும் இளம் உளவள ஆலோசகர் அச்சகத்துக்கு வந்தார். சனிக்கிழமைதோறும் வாசிகசாலை மாடியில் ஓர் எழுத்து வட்டம் நடத்தப் போவதாகவும், தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதுவதனால் மனிதர் தம்மை அறியவும் உள்ளக் காயங்களை ஆற்றவும் முடியும் என்றும், அதற்கொரு துண்டுப் பிரசுரம் வேண்டும் என்றும் சொன்னார். அன்னார் அவருடைய தாளை இருமுறை வாசித்தார்.

"இதில செத்தது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை, ஐயா."

"பிறகு என்னத்துக்குப் பிள்ளை அச்சடிக்கிறியள்?"

எனினும் அந்தச் சனிக்கிழமை அவர் முதலாளாகப் போய் அமர்ந்தார். துணைக்கு என்னையும் இழுத்துச் சென்றார். பலகணிக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. கிண்ணியாவிலிருந்து சபூறா ரீச்சர் வந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் குரலுக்கு ஓய்வு கொடாத பெருமாட்டி அவர். மனத்தை வருத்தும் ஒன்றைப் பற்றி 'நான்' என்று தொடங்கி எழுதும்படி நிரோஜா சொன்னார். எல்லோரும் எழுதினோம். அன்னார் எழுந்து நின்று வாசித்தார்:

"அன்னார் அதிகாலையில் துயிலெழுந்தார். தேநீர் அருந்தினார். எவருக்கும் இடையூறின்றி வெளிச்சென்றார்."

நிரோஜா மென்மையாக, "ஐயா, நீங்கள் உயிரோட இருக்கிறீங்கள்" என்றார்.

"இருக்கலாம், பிள்ளை. ஆனா நான் எண்டு எழுத எனக்குக் கை வராது. தன்னைப் பற்றித் தானே சொன்னா ஆர் நம்புவினம்?"

"சரி, உங்களுக்கு வாற மாதிரியே எழுதுங்கோ. ஆனா உண்மையை எழுதுங்கோ."

அன்னார் திகைத்துப் போனார். அவருடைய நெடிய எழுத்து வாழ்வில் அப்படியொரு நிபந்தனையை எவரும் அவருக்கு விதித்ததில்லை.

ஆயினும் முயன்றார். 'அன்னார் பிடிவாதக்காரர்' என்று எழுதினார். 'உறக்கத்தில் குறட்டை விடுபவர். விடுவதில்லை என்று சாதிப்பவர்' என்று எழுதினார். 'பிறருடைய வீட்டுத் துக்கத்தில் தமக்குத் தரப்படும் கோப்பியின் சுவையை மனத்துள் குறை கூறுபவர்' என்று அவர் வாசித்தபோது சபூறா ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். வாரந்தோறும் அவருடைய குற்றங்கள் வளர்ந்தன. அவரோ இளைப்பாறிய மனிதரைப் போலப் பொலிவுற்று வந்தார். பின்னர் கட்டுரை உறவினர் வரிசைக்கு வந்து சேர்ந்தது. 'அமரர்களான தம்பதியினரின் அன்பு மகனும், சிவபாக்கியத்தின் பாசமிகு சகோதரனும்' என்பதோடு நின்றது. அடுத்த வாரமும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

எங்கள் பகுதியில் மரண அறிவித்தலின் உறவினர் வரிசையில் ஒரு பெயர் விடுபடுவது சிறிய பிழையன்று. அது அந்த மனிதரைக் குடும்பத்தினின்றும் நீக்கி வைப்பதற்கு ஒப்பானது. அன்னாரின் ஒரே தங்கை சிவபாக்கியம் என்ற பாக்கியம், சல்லியைச் சேர்ந்த இரத்தினம் என்ற கடற்றொழிலாளியைத் தானே விரும்பி மணந்தவர். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தந்தை இறந்தபோது அறிவித்தலை எழுதிய அன்னார், 'இரத்தினத்தின் மாமனாரும்' என்ற ஒரு சொற்றொடரை விட்டுவிட்டார்.

"அப்பா அவரை ஒருநாளும் மருமகன் எண்டு சொன்னதில்லை. சொல்லாத உறவை நான் எப்பிடி எழுதுறது எண்டு விட்டிட்டன்" என்று அவர் வட்டத்தில் சொன்னார். "பாக்கியம் படலையில நிண்டு வாசிச்சவள். உள்ளுக்கு வரேல்ல. 'இனி நீ செத்தாலும் இந்த வாசல் மிதிக்கமாட்டன்' எண்டிட்டுப் புருசனைக் கூட்டிக்கொண்டு போனவள்தான்."

சல்லி, சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஆண்டுகள் பலவாக அன்னாரும் போகவில்லை, தங்கையும் வரவில்லை.

சபூறா ரீச்சர் பொறுக்கமாட்டாமல், "ஊர்ல மௌத்தான ஆக்களுக்கெல்லாம் எழுதினீங்க, அன்னாரண்ணை. உயிரோட இருக்கிற மச்சானுக்கு ஒரு வரி எழுத ஏலாதா?" என்று கேட்டார்.

 அன்னார் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், வீட்டுக்குப் போய்விட்டார்.

வட்டத்தின் நிறைவில் ஒவ்வொருவரும் தத்தம் கட்டுரையைச் சுவரில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நிரோஜா கேட்டிருந்தார். வாசிகசாலையின் உட்சுவரையே அவர் கருதினார் என்பது மற்றெல்லோருக்கும் விளங்கியது. அன்னாரோ, தம் எழுத்து உட்சுவரில் தொங்குவதைப் பிறந்தது முதல் கண்டிலர். கட்டுரையை எனக்கும் காட்டாமல் நேரே அச்சகத்தாரிடம் கொடுத்தார். அச்சகத்தார் வாசிப்பவரல்லர், 'அன்னார்' என்ற சொல்லைக் கண்டதும், கை பழகிய பழக்கத்தில் கறுப்புக் கரையிட்டு, இருபுறமும் குத்துவிளக்கு வைத்து, நடுவில் படத்தையும் சேர்த்துவிட்டார். அன்னாருக்கும் அதில் வேறுபாடு எதுவும் தோன்றவில்லை. இறுதியில், 'அன்னார் தற்போது நலமாக உள்ளார். இஃது எழுத்துப் பயிற்சி மாத்திரமே' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். கோதுமை மாப் பசை காய்ச்சி, மாலையில் வழக்கமான சுவர்களில் ஒட்டுவித்தார்.

எங்கள் நகரத்து மான்களுக்குக் கோதுமை மாப் பசை என்றால் உயிர். அவற்றின் வாய்க்கு எட்டிய உயரம் வரையில், சுவர்தோறும், அன்னாரின் கீழ்ப்பாதியை அவை உண்டுவிட்டன. உறவினர் வரிசை போயிற்று. நலமாக உள்ள செய்தியும் போயிற்று. எஞ்சியவை படமும், பிறப்பிடமும், அன்னார் குறட்டை விடுபவர் என்ற தகவலுமே.

காலையில் பேருந்து நிலையத்துச் சுவரில் அதைக் கண்டு நான் நடுங்கினேன் என்பது உண்மை. ஆயினும் குறட்டையைப் பற்றிய இரண்டாம் வாக்கியத்தில் தேறிவிட்டேன். அந்த வாக்கியத்தை எழுத ஊரில் அவரன்றி வேறொருவர் இல்லை. இறந்தவர் அதை எழுதியிருக்க இயலாது. ஆகவே அவர் இருக்கிறார். இந்த நியாயத்தைத் துணையாகக் கொண்டு அவர் வீட்டுக்கு விரைந்தேன்.

எனக்கு முன்னரே பாதி ஊர் வந்துவிட்டது. வாடகைக் கதிரைக்காரர் லொறியிலிருந்து கதிரைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் பேருந்தில் வந்த சபூறா ரீச்சர் முற்றத்தில் கண்ணைத் துடைத்தபடி நின்றார். அவ்வேளை அன்னார், இடுப்பில் துவாயும் தலையில் சவர்க்கார நுரையுமாகக் கிணற்றடியிலிருந்து வந்தார்.

"என்ன, ஆர் செத்தது?" என்றார்.

மகிழ்ச்சிக்கு முன்னதாகக் கோபமே எழுந்தது. "சாகாம ஏன் காணும் ஆக்களைக் கூப்பிட்டனீர்?" என்றார் ஒருவர். "நான் கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான்!" என்றார் இன்னொருவர். கதிரைக்காரர் மட்டும் நிதானமாக, "இறக்கினதை உடன ஏத்த ஏலாது. எல்லாரும் கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ" என்றார்.

அந்த வேளையில்தான் படலையில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் மார்பில் அறைந்தபடி இறங்கி ஓடி வந்தார்.

"ஐயோ அண்ணா! ஒரு சொல்லுக் கதைக்காமப் போயிட்டியே! என்னை விட்டிட்டுப் போயிட்டியே!"

"பாக்கியம், நான் போகேல்ல" என்றார் அன்னார். "குளிக்கத்தான் போனனான்."

ஒப்பாரி நடுவில் அறுந்தது. பாக்கியம் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு கைப்பையால் அவர் தோளில் ஓங்கி அடித்தார்; நுரை பறந்தது.

"சாகேல்லையோ? அப்ப என்னை ஏன் வரப் பண்ணினாய்? நீ செத்தாலும் வரமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவள் நான்! என்ர சத்தியத்தைப் பொய்க்க வச்சிட்டியே!"

"செத்தாத்தானே வரமாட்டாய், பாக்கியம்?" என்றார் அன்னார். "நான் சாகேல்ல. சத்தியம் பொய்க்கேல்ல."

பாக்கியம் அந்த நியாயத்தைக் கண்ணீரோடு ஆராய்ந்தார்; குற்றம் காண முடியவில்லை. கணவன் நின்ற படலைப் பக்கம் தலையை அசைத்தார்; குரல் தாழ்ந்தது.

"இவற்ற பேரைப் போட்டனியோ?"

"நீ வாசிக்கேல்லையோ?"

"எப்பிடி வாசிக்கிறது? அந்தப் பக்கம் முழுக்க மான் திண்டிட்டுது."

பெயர் இருக்கிறதா, இல்லையா என்று அறியாமலே அவர் புறப்பட்டு வந்திருக்கிறார். இது அன்னாருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. நுரை வழியும் முகத்தோடு உள்ளே போய், ஒட்டாத பிரதி ஒன்றை எடுத்து வந்தார். முற்றத்தில் நின்று, தொழிற்குரலில் வாசிக்க முயன்றார்; அந்தக் குரல் அன்று அவருக்கு வாய்க்கவில்லை.

"சிவபாக்கியத்தின் பாசமிகு சகோதரனும்... இரத்தினத்தின்... அன்பு மைத்துனரும் ஆவார்."

இரத்தினம் அதுவரை படலைக்கு வெளியே, முச்சக்கர வண்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கறுத்து மெலிந்த, பேசாத மனிதர். வாசித்து முடிந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படலையைத் தாண்டி உள்ளே வந்தார்.

"குறட்டை விடுறனீங்களோ, மச்சான்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அன்னார்.

கதிரைகள் வீண்போகவில்லை, எல்லோரும் அமர்ந்தார்கள். இரத்தினம் கடற்கரைக்குப் போய் ஒரு பெரிய பாரை மீனோடு திரும்பினார். பாக்கியம் குசினிக்குள் புகுந்து, அங்கே ஒரு சட்டியும் ஒழுங்காக இல்லை என்று தமையனை ஏசியபடியே சமைத்தார். சபூறா ரீச்சர் தேங்காய் துருவினார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்று எவரோ முணுமுணுக்க, "ஆர் இஞ்ச செத்தது?" என்று உள்ளிருந்து பாக்கியம் அதட்டினார்.

நண்பகலில் சோறு பரிமாறப்பட்டது. "உப்புக் காணுமோ, அண்ணா?" என்று பாக்கியம் கேட்டார். கறி கடலைப் போல் கரித்தது. "நல்ல அளவு" என்றார் அன்னார். இன்னும் கொஞ்சம் போடும்படி சோற்றுக் கோப்பையை நீட்டினார். எனக்கு முன்னாலும் சோறு இருந்தது. நான் உண்ண மறந்து, அவர் உண்பதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.