கறுப்பு டீயும் மூன்று முளையும்

ஞாயிற்றுக்கிழமை தம்பதிப் போட்டியில் கறுப்பிலிருந்துதான் அடிப்பது என்று சர்வேயர் முடிவு கட்டிவிட்டார். வானம் இடிந்து விழுந்தாலும் கறுப்புதான். இடுப்பு ஒடிந்து விழுந்தாலும் கறுப்புதான். இந்த இரண்டில் இரண்டாவது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவர் மனைவி நினைத்தாள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை முதல் அடி அடிக்கும் இடத்துக்கு டீ பாக்ஸ் என்று பெயர். தேயிலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒவ்வொரு குழிக்கும் அப்படி நான்கு இடங்கள். குழிக்குக் கிட்டத்தில் சிவப்பு, அதன் பின்னால் வெள்ளை, அதற்கும் பின்னால் நீலம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கறுப்பு. யாருக்கு எவ்வளவு தெம்போ அதற்கேற்ற இடத்தில் நின்று அடிக்கலாம். மனைவி மூன்று வருடமாகச் சிவப்பில் நின்று அடக்கமாக அடிக்கிறாள். சர்வேயருக்குக் கறுப்பை விட்டு ஓரடி முன்னால் வந்தாலும் மீசை போய்விடும் என்று எண்ணம்.

கறுப்பில் நின்று அவர் அடிக்கும் முதல் பந்து நேராகக் குட்டைக்குள் போகும். இரண்டாவது பந்து அதற்குத் துணைக்குப் போகும். ஆறாவது குழி வருவதற்குள் மனிதர் முகம் சுருங்கிவிடும். ஞாயிறு மதியம் வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். சந்தோஷத்துக்காகப் போகிற ஆட்டத்திலிருந்து இழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி திரும்புகிறாரே என்று அவளுக்கு உள்ளூர வேதனை. அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். நோய் தெரிந்தும் மருந்து கொடுக்க முடியாமல் தவித்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை வெள்ளையில இருந்து அடிச்சுப் பாருங்களேன்."

"வெள்ளையா? அது ரிட்டையர் ஆனவங்களுக்கு."

"உங்களுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"ஒன்றரை வருஷம். அது இப்ப எதுக்கு?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட தினம் சொல்றதுதான். உடம்புக்கு ஏத்த டோஸ் எடுத்தாத்தான் அது மருந்து."

"எனக்கு நீ விட்ட டோஸே போதும். நான் இருநூத்தி இருபது மீட்டர் அடிக்கிறவன், தெரியுமா?"

"அளந்தீங்களா?"

"அளக்கணுமா? என் கண்ணே டேப்பு!"

அங்கேதான் கோளாறு. முப்பது வருடமாக ஊரார் நிலத்தை அரை அங்குலம் பிசகாமல் அளந்தவர் அவர். சொந்த மாமனாரின் வேலியையே முக்கால் அடி உள்ளே தள்ளிப் போட வைத்தவர். மாமனார் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். அப்போதும் இவர் எழுதின எண்ணை மாற்றவில்லை. அப்பேர்ப்பட்டவர் தன் அடியை மட்டும் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். கண்ணும் சொந்தக் கண்தானே, அவர் பக்கமே பேசியது.

வெள்ளிக்கிழமை கிளப் செயலாளர் போன் செய்தார்.

"சார், ஒரு உதவி. அஞ்சாவது குழிக்குப் போற வழியில தண்ணிக் குழாய் பதிக்கணும். கறுப்பு டீகிட்ட ஒரு முளை, புல்லுல ரெண்டு முளை அடிச்சிருக்கோம். அ, ஆ, இ. அ-விலிருந்து மத்த ரெண்டும் எவ்வளவு தூரம்னு அளந்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை காலையிலேயே முக்காலியும் கருவியுமாகக் கிளம்பிவிட்டார். மனைவி கருவிக்கு எதிரே பிடிக்கும் கண்ணாடிக் கோலைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். இங்கே நில் என்றால் நின்றாள். நேராகப் பிடி என்றால் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்காதவள் இன்று கேட்கிறாளே என்று அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அ முதல் ஆ வரை நூற்று ஐம்பத்தொன்றரை மீட்டர். அ முதல் இ வரை நூற்று எண்பத்தாறு. இரண்டு முறை சரிபார்த்து எழுதினார். கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் போட்டு நீட்டினார்.

செயலாளர் தாளை வாங்கி மடித்துக்கொண்டு, "அம்மா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நானே சொல்றேன். ஏங்க, குழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆறு வாரமா இந்தக் குழியில நீங்க அடிக்கிற பந்து எங்க விழுதுன்னு குறிச்சு வச்சேன். அதுல ரொம்ப தூரம் போனது எதுவோ, அங்க ஒரு முளை அடிச்சாச்சு."

"நான் பார்க்கவே இல்லையே!"

"எப்படிப் பார்ப்பீங்க? பந்து அங்கயே கிடக்கும். நீங்க அம்பது மீட்டர் தாண்டிப் போய்ப் புதருக்குள்ள தேடிக்கிட்டிருப்பீங்க."

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போட்டி விதியைச் சொன்னார். இருநூறு மீட்டருக்கு மேல் அடிப்பவர் கறுப்பு. நூற்று எண்பதுக்கு மேல் நீலம். அதற்குக் கீழே வெள்ளை, நூறுக்கும் கீழே என்றால் சிவப்பு.

சர்வேயரின் கை தாளைப் பிடுங்கப் போய்ப் பாதியில் நின்றது. கருவி அவருடையது, எண் அவருடையது, முத்திரையும் அவருடையது. மாமனாருக்காக மாற்றாத எண்ணைத் தனக்காக மாற்றுவதா? மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது.

மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை இல்லைங்க. நீங்க சிரிச்ச முகமா வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்."

இவ்வளவு பிரியத்தையா ஒரு கறுப்பு டீக்காக இத்தனை நாள் முறைத்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தாளைக் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தார். பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"நூத்தி எண்பத்தாறு! அடியம்மா, நீலம் வருதே! இந்த வயசுல நூத்தி எண்பத்தாறுன்னா சும்மாவா? நீலம் கௌரவமான கலர்தான். நாளைக்கு நான் நீலத்துல நிக்கிறேன், நீ சிவப்புல நில்லு!"

செயலாளர் வானத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். மனைவி எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள்.

"உங்களுது ஆ-ங்க. நீங்க புதருக்குள்ள இருந்த நேரத்துல நானும் கறுப்புல நின்னு ஒண்ணு அடிச்சுப் பார்த்தேன். அதுதான் இ."