எல்லை பார்க்கப் போன மாமா

சின்ன விமானம் விழுவதற்கு முன் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் விழும். கேட்கிற காது வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்தக் காலத்தில் அது இல்லை.

மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும் எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள். பாறசாலையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால், நம் தாலுகா தமிழகத்துக்கா மலையாளத்துக்கா என்பதுதான் பேச்சு. நானோ திருவனந்தபுரத்தில் விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கிய மிதப்பில் இருந்தேன். (எங்கள் குன்னத்துகாலில் அப்போது சைக்கிள் ஓட்டும் பெண்ணே கிடையாது. நான் நேரே இறக்கைக்குப் போய்விட்டேன்.)

தேர்வில், 'ஸ்டால்' வருவதற்கு அறிகுறிகள் என்ன என்று கேட்டார்கள். வேகம் குறைந்து, இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் கைவிடுவதுதான் ஸ்டால். மூக்கு நிமிரும், காற்றின் இரைச்சல் அடங்கும், கைப்பிடி தொளதொளக்கும், கடைசியில் விமானமே நடுங்கும் என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தேன். முழு மதிப்பெண்.

அம்மாவின் அண்ணன் ஞானதாஸ் மாமா போராட்டத்தின் மேடைப் பேச்சாளர். இனி வாயில் மலையாளம் வராது என்று சபதம் போட்டிருந்தார். கொப்பரை வாங்க வரும் மலையாள வியாபாரியிடம் சைகையில்தான் விலை பேசுவார். ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"மக்கா, எல்லைய மேல நின்னு ஒருக்கா பாக்கணும். நான் நேரில கண்டவனாக்கும்னு கூட்டத்தில சொல்லலாம்லா."

"அதுக்கென்ன மாமா, வாங்க."

இருவர் அருகருகே உட்காரும் விமானம். பாறசாலைக்கு மேலே வந்ததும் ரயில் பாதை தெரிந்தது, குளம் தெரிந்தது, மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்கள் தெரிந்தன. எல்லையை மட்டும் காணோம்.

"என்னத்துக்கு இந்த ஓட்டம்? மெதுவா விடு மக்கா."

வேகத்தைக் குறைத்தேன்.

"தாழ போவுது பாரு."

மூக்கை நிமிர்த்தினேன். இன்னும் மெதுவா என்றார். இன்னும் குறைத்து, இன்னும் நிமிர்த்தினேன். இருவருமே ஜன்னல் வழியாக எல்லையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இரைச்சல் அடங்கியது. எவ்வளவு நயமாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கைப்பிடி தொளதொளத்தது. என் கைக்கு வசப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். (முழு மதிப்பெண் வாங்கிய மண்டை இது.) மாமாவுக்கும் திருப்தி. "இப்பத்தான் பேசினா கேக்குது" என்று, அடுத்த கூட்டத்துப் பேச்சை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். விமானம் நடுங்கியது.

"பாத்தியா மக்கா, எனக்க பேச்சு கேட்டு இதுக்கே சிலிர்க்குது."

அடுத்த நொடி இடது இறக்கை சரிந்து மூக்கு கவிழ்ந்தது. ஒரு தென்னந்தோப்பு எழுந்து எங்களை நோக்கி வந்தது. மாமா தொண்டை கிழியக் கத்தினார்.

"என்றெ தெய்வமே! ரக்ஷிக்கணே!"

அதோடு நிற்கவில்லை. மூச்சு விடாமல், அட்சர சுத்தமான மலையாளத்தில் ஒரு முழு ஜெபம்.

நல்லவேளை, பாடம் மண்டைக்கு வராவிட்டாலும் கைக்கு வந்தது. மூக்கைத் தாழ்த்தி, எஞ்சினை முழுதாகத் திறந்து, கால் பெடலை மிதித்து நேராக்கினேன். தென்னை உச்சியில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவரின் முகம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் என் முகம் மறந்திருக்காது.

திரும்பும் வழியில் மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல, கேட்டியா."

"இல்ல மாமா."

"வண்டியும் ஒண்ணும் விழல்ல."

"விழல்ல மாமா."

ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த கூட்டம் வரை நிலைத்தது. அங்கே பெண்கள் வரிசையில் அம்மாவோடு நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாமா நெஞ்சில் கை வைத்து முழங்கினார்: "என் உயிர் பிரியும் நேரத்திலும் இந்த நாவில் தமிழ்தான் நிற்கும்."

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை. கூட்டமே திரும்பிப் பார்த்தது. மாமா மேடையில் அடுத்த வரியை மறந்து நின்றார். அம்மா கிள்ளிய கிள்ளில் தொடை கன்றிப்போனது. வீட்டில் விசாரணை நடந்தது. நான் ஜெபத்தைச் சொன்னேன், மாமா நாங்கள் விழப்போனதைச் சொன்னார். அப்பா என்னை வெகுகாலம் விமானத்தின் பக்கமே விடவில்லை.

கடைசியில் எல்லை பிரித்தபோது பக்கத்துத் தாலுகா விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது. நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். மாமா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தேற்றப் போன அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னார்.

"மச்சான், அன்னைக்கு மேல வச்சு நீங்க மலயாளத்தில இல்லியா ஜெபிச்சது. தெய்வம் என்ன செய்யும், நம்ம மலயாளியளாக்கும்னு நெனச்சு இஞ்ச வச்சிற்று."

சுவரைப் பார்த்துக் கிடந்த மாமாவின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. எழுந்து வந்து சோறு கேட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் கேரள ரேஷன் கார்டைத் தேடினால், "மாமாவுக்க ஜெபத்த எங்க வச்ச?" என்றுதான் கேட்போம்.