பதினாலாம் எண் கரண்ட் பெட்டி

அரிசோனா,
பிப்ரவரி 9

மரியாதைக்குரிய மச்சான் லோவெல் அவர்களுக்கு, உங்கள் தங்கை கொரீனின் கணவன் டுவைட் பணிவுடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். அங்கே மினசோட்டாவில் பனியை வாரிக் கொட்டி உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது?

வீட்டை விற்று இந்த வண்டிவீட்டை வாங்கியபோது, "ஒரு மாசம் பாப்பேன், சரிப்படலைன்னா எங்க அண்ணன் வீட்டு மாடி ரூம் இருக்கு" என்றாள் கொரீன். இன்னும் பத்து நாள்தான். நேற்று துணிப்பெட்டியை வெளியே எடுத்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் இல்லாமல் ஒரு நாள் காபி குடித்ததில்லை மச்சான்.

எல்லாம் கரண்டால் வந்த வினை. வண்டிவீடுகள் நிறுத்தும் இந்த முகாமில் வண்டிக்கு வண்டி ஒரு கரண்ட் பெட்டி, எண் போட்டு நிற்கும். எங்களுக்குப் பதினாலு. காலைக் குளிருக்கு ஹீட்டர், காபி மெஷின், உங்கள் தங்கை தலை காய வைக்கும் மெஷின், மூன்றும் ஓடினால் கரண்ட் பொசுக்கென்று போய்விடும். ஹீட்டர் ஓடினால் காபி கிடையாது, காபி ஓடினால் தலை காயாது என்று சட்டம் போட்டேன். "நான் குளிர்ல நடுங்கணுமா, ஈரத்தலையோட திரியணுமா, நீங்களே சொல்லுங்க"ன்னு நிக்கிறா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிப்போய்ப் பதினாலுல பிரேக்கர் சுவிட்சை இறக்கி ஏத்துவேன். உடனே வராது. அந்த நேரம் பாத்துப் பக்கத்து வண்டி ஹார்லன் "எவன்டா அவன்!"னு கத்திக்கிட்டு வெளிய வந்து, அவரோட பதினஞ்சாம் பெட்டியைத் திறந்து படார்னு சுவிட்சைத் தட்டுவார். நமக்கு வந்துடும்! என் கைராசி அப்படி. பொறாமை பிடிச்ச மனுஷன், இருபது நாளா முகம் குடுத்துப் பேசறதில்லை.

ஆகவே, மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், ஏப்ரல் வரை நாற்றம் போகாது என்று அவளுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்குள் சரிசெய்துவிடுவேன், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

வீட்டில் சகோதரி ஐரீனுக்கு வணக்கம். வழுக்காமல் நடந்து நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

அன்பு மறவாத,
டுவைட்

பி.கு.: அண்ணா, இது கொரீன். கடிதத்தை ஒட்டாமல் மேஜையில் விட்டுப் போயிருந்தார், படித்தேன். சந்தேகம் வந்து எங்கள் வண்டியின் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வண்டிக்கு அடியில் புகுந்து அது போய்ச் சொருகியிருப்பது பதினஞ்சில்! எங்களுக்குப் பின்னால் வந்த ஹார்லன் மிச்சமிருந்த பதினாலில் சொருகியிருக்கிறார். இருபது நாளாக இவர் அணைத்தது ஹார்லன் வண்டியின் கரண்டை, எங்கள் வண்டிக்குக் கரண்ட் கொடுத்தது ஹார்லன். இரண்டு பேரும் எண்ணைத்தான் பார்த்தார்கள், வயரைப் பார்க்கவில்லை. நான் காட்டியதும் இரண்டு கிழங்களும் தோளில் கை போட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை அண்ணா. துணிப்பெட்டியை எடுத்தது ஸ்வெட்டர் தேட. காபி இனி கேஸ் அடுப்பில். மாடி ரூமை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு.