போறணையடிக் குட்டி

எங்கள் கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அரசாங்கத்துக்கு அடுத்தபடி அதிகாரம் உள்ளவர் போறணையர்தான். சில நாட்களில் அரசாங்கம்தான் அவருக்கு அடுத்தபடி.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சந்தியில் கோதுமை மாவில் பாண் சுடும் பெரிய செங்கல் அடுப்பு, அதாவது போறணை, வைத்திருந்ததால் போறணையர். அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் வேறு பாண் கிடையாது. அந்தப் போறணையின் பின்சுவர் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். ஊரில் வேண்டாத நாய்க்குட்டிகளை ஆட்கள் அந்தச் சுவரடியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார்கள். போறணையர் அவற்றைத் தேற்றி எடுத்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார்.

மனிதர்களோடு அவருக்கு ‘நீ, வா, போ’தான். நாய்களுக்கு மட்டும் மரியாதை. “கொஞ்சம் தள்ளி இருங்கோ ராசா, மா கொட்டுப்படப் போகுது” என்று அவர் உள்ளே கெஞ்சியதைக் கேட்டு, யாரோ பெரிய உத்தியோகத்தர் வந்திருக்கிறாராக்கும் என்று முதல் நாள் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கொடுத்த குட்டியை மறக்கவும் மாட்டார். காலையில் சைக்கிளில் பாண் கொண்டுவரும்போது குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். வயிறு ஒட்டிக் கிடந்தால் அந்த வீட்டுக்குப் பாண் இல்லை. ஒருமுறை ஓவசியர் ஒருவர் தன் நாயை வெயிலில் கட்டிவைத்தார். பாண் நின்றது. மூன்று வேளையும் புட்டு அவித்து அவர் மனைவிக்குக் கை ஓய்ந்துபோனது. கடைசியில் ஓவசியர் போறணைக்கு வந்து, “தெரியாமல் செய்துபோட்டன்” என்றார்.

“என்னட்டை ஏன் சொல்லுறாய்? நீ கட்டினது என்னையோ?”

ஓவசியர் வீட்டுக்குப் போய் நாயிடம் மன்னிப்புக் கேட்டார். அயலட்டை முழுக்க வேலிக்கு மேலால் நின்று பார்த்தது. மறுநாள் பாண் வந்தது.

நான் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்த புதிது. காணி கிடைத்து வந்த என் கணவர் விடிந்தால் வயலில் நிற்பார், பொழுது பட்டால் பன்றிக் காவலுக்குப் போய்விடுவார். எங்கள் வீடுதான் கடைசி வீடு. அதற்கு அப்பால் காடு. பயம் ஒரு பக்கம், கதைக்க ஒரு ஆள் இல்லாத தனிமை ஒரு பக்கம். ஒருநாள் பெட்டியை அடுக்கிவிட்டேன்.

“நான் அம்மாவிட்டைப் போறன்.”

இவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “வீட்டிலை நாயொண்டு நிண்டால் இருப்பீரோ?”

“பாப்பம்” என்றேன். பெட்டியை அவிழ்க்கவில்லை.

போறணைக்குப் போனோம். மண்ணிறக் குட்டி ஒன்று வந்து என் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. அதற்கு ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருந்தன. அந்தக் கணமே அது என்னுடையதாகிவிட்டது.

“இது என்ன சாதி அண்ணை?” என்று இவர் கேட்டார்.

“ஒரு காது தகப்பன்ரை, மற்றது தாயின்ரை. மிச்சம் நான் சுட்டது. நாளைக்கு வீடு பாக்க வாறன்.”

வந்தார். வேலியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், குசினிக்குள் போய் மூக்கை உறிஞ்சினார்.

“மீன் மணத்தையே காணேல்லை?”

“நாங்கள் சைவம்” என்றார் இவர், பெருமையோடு.

“நீ சைவமாயிரு. குட்டியர் என்ன பாவம் செய்தவர்? மீன் காய்ச்சாத வீட்டுக்குக் குட்டி இல்லை.”

என் கணவர் பக்கத்துக் காணியில் கருவாடு சுட்டாலே கிணற்றடிக்குத் தலைமுழுகித் தோயப் போகிறவர். அவர் என்னைப் பார்த்தார். மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மறுநாள் தேக்கமிலையில் சுற்றிய குளத்து மீனோடு வந்தார்.

வேலியோரப் பாலை மரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். மூக்கைச் சுற்றிச் சால்வை. குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு போறணையர் பக்கத்தில் நின்றார்.

“உப்புப் போடாதை. முள்ளை எடு.”

“எனக்கு எடுக்கத் தெரியாது அண்ணை.”

“அப்ப பழகு.”

புகையில் இவருடைய கண்ணால் தண்ணீர் ஓட, மீனைத் தொடுவதும் கையை உதறுவதுமாக நின்றார். குசினி வாசலில் நின்ற நான் அந்த வீட்டுக்கு வந்தபின் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை.

மீன் ஆறியது. போறணையர் குட்டியை இறக்கிவிட்டார். அது சட்டியை முகர்ந்து, தும்மி, திரும்பி ஓடிப்போய்ச் சைக்கிளின் பாண் பெட்டிக்குக் கீழே நின்று குரைத்தது.

“உது சைவம்!” என்று இவர் துள்ளிக் குதித்தார். தன் பரம்பரையிலேயே பிறந்தது போல அப்படியொரு சந்தோஷம்.

வேலிப் படலையடியில் நான் போறணையரை மறித்தேன். “அண்ணை, அது மீன் தின்னாதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியாமலென்ன? போறணையடியிலை மீனுக்கு நான் எங்கை போறது? பாண் திண்டு வளந்தவர் அவர்.”

“பேந்து ஏன் இவரை இந்தப் பாடு படுத்தினனீங்கள்?”

“நீ பெட்டி அடுக்கினதெண்டு ஊரெல்லாம் கதை. உனக்காண்டி மீன் காய்ச்சிறானோ எண்டு பாத்தனான். காய்ச்சினான். நீ இரு பிள்ளை.”

பெட்டியை அவிழ்த்தேன். வெறும் பெட்டிக்குள் குட்டி ஏறிப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பாண் ஒருநாளும் நின்றதில்லை. தினமும் வந்து குட்டியின் வயிற்றைத் தடவுவார். பிறகு என்னைப் பார்த்து, “நீ சாப்பிட்டியோ?” என்பார். நான் பதிலைக் கொஞ்சம் இழுத்தால் போதும், பாண் பெட்டியிலிருந்து ஒரு இனிப்புப் பணிஸ் கைக்கு வந்துவிடும். காட்டோரத்துக் கடைசி வீட்டில் என்னிடம் அப்படிக் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

சைக்கிள் மணி கேட்டதும் குட்டி படலைக்குப் பாய்ந்து ஓடும். அது போய்ச் சேரும்போது நான் அங்கே நிற்பேன்.