சக்கரத்தின் இயல்பான குணம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் மகத்தானது சக்கரம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சக்கரத்தை எந்த முரடனும் கண்டுபிடித்திருப்பான். மேட்டிலிருந்து ஒரு உருண்டைக் கல்லைத் தள்ளிவிட்டால் போதும். சக்கரத்தில் சத்தம் வந்தால், அந்தச் சத்தம் வரவில்லை என்று நிரூபிக்கிற கலை இருக்கிறதே, அதுதான் நாகரிகம். அந்தக் கலை வளர்ந்து முற்றியதை இரண்டு கண்ணாலும் ஒன்றரைக் காதாலும் அனுபவித்தவன் நான். இடது காது அரைச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறது.

வண்டி என் மாப்பிள்ளையுடையது. ஓட்டுவது என் மகள். மாப்பிள்ளைக்கு உத்தியோகம் வீட்டுக்குள்ளேயே, கணினி முன்னால். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை, நடுவில் மீட்டிங். மகள்தான் வயிற்றில் பிள்ளையோடு தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"வண்டி வேகமெடுத்தா 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வருது. வலது பக்கம் வளைச்சா கூடுது. இடது பக்கம் வளைச்சா அடங்குது. எனக்கு என்னவோ பயமா இருக்கு."

என்னைப் போன்ற மண்டூகமாக இருந்தால், அப்போதே யாராவது மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லியிருப்பான். மாப்பிள்ளை அப்படியெல்லாம் அவசரப்படுகிறவர் இல்லை.

"இது வெறும் உணர்வும்மா. நமக்குத் தேவை தரவு" என்றார்.

"தரவுன்னா என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஆளுங்க வாயால சொல்லாதது, மாமா."

அன்று முதல் அந்தச் சொல்லின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

விடுமுறை நாளில் 'கள ஆய்வு' நடந்தது. மகள் ஓட்டினாள். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில், கையில் கைப்பேசி. எந்தச் சத்தத்தையும் கேட்டு அது இன்னதென்று சொல்லும் செயலி ஒன்றை அதில் இறக்கி வைத்திருந்தார். பின்னால் நானும், மாப்பிள்ளையின் தாயாரான சம்பந்தியம்மாவும். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கதவு ஒதுக்கப்பட்டது. கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு வர வேண்டும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவன்கூட இவ்வளவு கவனமாகக் காது கொடுத்திருக்க மாட்டான்.

வண்டி வேகமெடுத்தது. சத்தம் வந்தது. மாவு மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி.

"சம்பந்தி பக்கத்துச் சக்கரம்தான்" என்றார் சம்பந்தியம்மா, காதை எடுக்காமலே.

"என் பக்கம் கம்முனு இருக்கு. உங்க பக்கம்தான் அழுவுது" என்றேன்.

"நான் உட்கார்ந்த பக்கம் எப்பவும் அமைதியாத்தான் இருக்கும்."

"நீங்க உட்கார்ந்த பக்கம் வேற சத்தம் கேட்க வழி ஏது சம்பந்தியம்மா?"

மாப்பிள்ளை கையை உயர்த்தி அமைதி காக்கச் சொன்னார். கைப்பேசி யோசித்தது. பிறகு முடிவை அறிவித்தது: குளிர்பதனப் பெட்டி. கதவைச் சரியாக மூடவும்.

மகள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதோ பாருங்க, வலது பக்கம் வளைக்கிறேன். கூடுதா? இப்ப இடது. குறையுதா? ஸ்டீயரிங்ல கையிலயே தெரியுது."

"நீ ரோட்டைப் பாரும்மா. ஆய்வை நாங்க பார்த்துக்கறோம்" என்றார் மாப்பிள்ளை.

நியாயம்தானே? ஓட்டுகிறவளுக்கு ஓட்டுகிற வேலை. சத்தத்தைப் பற்றிப் பேசுவது ஓட்டாதவர்களுக்கு உரிய துறை. நானும் தலையாட்டினேன்.

அடுத்த கட்டம், கம்பெனிப் பணிமனை. பணிமனை என்றால் கிரீஸ் நாற்றமும் கிழிந்த பனியனும் என்று நினைத்துப் போனேன். பளிங்குத் தரை. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். அவர் மெக்கானிக் இல்லை, 'ஆலோசகர்'. கையில் அழுக்கே இல்லாததிலிருந்து உயர்ந்த பதவி என்று தெரிந்தது.

மகள் ஆரம்பித்தாள். "வேகமா போறப்ப..."

"மன்னிக்கணும் மேடம், வண்டி யார் பேர்ல இருக்கு?"

மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

"அப்ப புகாரை சார்தான் சொல்லணும்."

"இவர் ஓட்டவே மாட்டாருங்களே" என்றாள் மகள்.

"பரவாயில்லை மேடம். புகார் சொல்றதுக்கு ஓட்டணும்னு விதி இல்லை."

மாப்பிள்ளை சொன்னார். வலது இடது என்பதெல்லாம் விட்டுப்போயிற்று. "ஒருவித அசௌகரியமான ஒலி அனுபவம்" என்றார். ஆலோசகர் முகம் மலர்ந்து அதை அப்படியே பதிந்துகொண்டார்.

பரிசோதனை அந்த முற்றத்திலேயே நடந்தது. முற்றத்தில் 'வேகம் பத்துக்கு மேல் கூடாது' என்று பலகை. சத்தமோ அறுபதுக்கு மேல்தான் வரும். ஆலோசகர் வண்டியைப் பத்தில் உருட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். நத்தை ஒன்று முந்தியிருக்கும். அதற்கு அனுமதி இல்லை போலும்.

"சத்தம் எதுவும் பதிவாகலை சார்."

"தம்பி, ரோட்டுல ஓட்டிப் பாருப்பா" என்றேன்.

"ரோட்டுல மத்த வண்டிச் சத்தமும் கலந்துடும் பெரியவரே. சோதனை சுத்தமா இருக்கணும்."

இருந்தாலும் வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாது என்று ஒரு தீர்ப்பு எழுதினார்: 'இந்த ஒலி இவ்வகை வண்டியின் இயல்பான குணம்.' எனக்குச் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை! ஊரில் குடிகாரனையும் கோள்மூட்டியையும் இப்படிச் சொல்லி மன்னித்துத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது சக்கரத்துக்கும் அந்த மரியாதை வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீ கொஞ்ச நாள் பஸ்ல போம்மா" என்றேன்.

மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது. "பஸ் குலுக்கும் மாமா. பிள்ளைக்கு ஆகாது. வண்டிதான் பாதுகாப்பு. எழுதியே கொடுத்துட்டாங்க."

மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் அந்த வண்டியில்தான் போனாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் வரை நான் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

இரைச்சல் கூடியது. மாப்பிள்ளைக்கே கோபம் வந்து கம்பெனிக்குப் புகார்மேல் புகார் அனுப்பினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் வாடிக்கையாளர் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். பத்துக்குக் குறைந்தால் ஆலோசகருக்குச் சோறு இறங்காதாம். ஆகவே அவர் தாமே முன்வந்து ஒரு 'சிறப்புச் சிகிச்சை' செய்தார். சக்கரத்தை யாரும் தொடவில்லை. அது இயல்பான குணம் அல்லவா, தொட்டால் கெட்டுவிடும். அதற்குப் பதிலாகக் கதவு, தரை, கூரை என்று வண்டிக்குள் எங்கெல்லாம் இடம் உண்டோ அங்கெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டினார்கள். காதுவலிக்காரன் தலையில் மஃப்ளர் சுற்றின மாதிரி இருந்தது வண்டி.

கடைசியாக 'சான்றளிப்பு ஓட்டம்'. ஆலோசகரே முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். மகள் ஓட்ட, பின்னால் மாப்பிள்ளை, நடுவில் நான், அந்தப் பக்கம் சம்பந்தியம்மா. இந்த முறை நெடுஞ்சாலை. அறுபது தாண்டியது. எழுபது. நிசப்தம். சம்பந்தியம்மா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"எப்படி சார்?" என்றார் ஆலோசகர்.

"அற்புதம்!" என்றார் மாப்பிள்ளை.

"என் பக்கம் முன்னாடியே சரியாத்தான் இருந்துச்சு" என்றார் சம்பந்தியம்மா.

"கேட்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்றாள் மகள். "ஸ்டீயரிங் உதறுது. கையிலயே தெரியுது."

"மேடம், கைக்குத் தெரியறதை நாங்க கணக்குல எடுக்கறதில்லை. உங்க புகார் ஒலி சம்பந்தப்பட்டதுதானே?"

சாலை வலது பக்கம் வளைந்தது. மகள் சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். யாரையும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டு, வண்டியை ஓரங்கட்டினாள். ஓரத்துக்கு வந்து சேரவும் முன்னால் இடது பக்கம் 'மடார்' என்றது. அந்தச் சத்தம் மட்டும் பஞ்சைத் தாண்டி எல்லார் காதிலும் தெளிவாக விழுந்தது.

இறங்கிப் பார்த்தோம். இடது முன்சக்கரம் குடிகாரன் சுவரில் சாய்ந்த மாதிரி சரிந்து நின்றது. நடுவிலிருந்து புகை. உள்ளே இருந்த பேரிங் பொடியாகிவிட்டது என்று பிறகு வந்த மெக்கானிக் சொன்னான். வளைவில் வலது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடது சக்கரத்துக்குத்தான் போகுமாம், அதனால்தான் அப்போது கூடியதாம். இதைத்தான் முதல் நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் என் மகள் சொன்னாள். நானோ பின்சக்கரத்துக்காகச் சம்பந்தியம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒதைக்குதுப்பா. நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கைப்பேசி ஒலித்தது. அவர் வாய் பிளந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடுங்கிக் காதில் வைத்தேன். நல்ல காதில்.

"வணக்கம் ஐயா, கம்பெனியிலேர்ந்து பேசறோம். சிறப்புச் சிகிச்சைக்கு அப்புறம் வண்டியில சத்தம் வருதுங்களா?"

"இல்லம்மா. சுத்தமா வரலை."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

ஆலோசகர் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினார்.

"பத்தே போட்டுக்கோம்மா. கூடவே ஒண்ணு எழுதிக்கோ. இந்த வண்டியில நிஜத்தைச் சொன்னது ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்தச் சக்கரம். இன்னொண்ணு அதை ஓட்டின என் பொண்ணு. சக்கரத்து வாயில பஞ்சு வச்சது நீங்க. பொண்ணு வாயில வச்சது நாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம்.

"மன்னிக்கணும் ஐயா, கடைசியில சொன்னதுக்கு இங்க இடம் இல்லை. பத்துன்னு பதிஞ்சுட்டேன். உங்க பயணம் பாதுகாப்பா அமையட்டும்!"