ஆறிப்போன பன்னிரண்டு காபியும் பல்மைரா ராணியும்

சால்ட் நகரம், ஜோர்டான்,
நோன்பு பதினெட்டு.

வெயிலில் காய்ந்து படமெடுக்கும் இயக்குநர் சுஹைல் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் நஸ்மி எழுதுவது. தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒட்டகங்களுக்கும் சலாம். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டை.

டிவியில் நோன்பு மாதம் முழுக்க ஓடும் தங்கள் பல்மைரா ராணி தொடரை உடனே நிறுத்த வேண்டும். ராணியின் படை போன மணலில் டயர் தடம் தெரிவதை நான் பெரிதுபடுத்தவில்லை. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன், பின் டயர் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். என் வழக்கு வேறு.

நேற்று நோன்பு திறந்த கையோடு என் ஒரே மகள் ரிஹாபைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் அங்கி சரசரக்க வந்தார்கள். பையன் லைத் தங்கமானவன், அவளுக்கும் உயிர். பேசி முடித்த காரியம்தான், பாக்கி சடங்கு மட்டும். கேட்டது கிடைத்தால்தான் காபி குடிப்பது என்ற நம் வழக்கப்படி, அவர்கள் பெரியவர் ஹாஜி முத்லக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார், மற்றவர்களும் வைத்தார்கள். "குடியுங்கள், கேட்டதைத் தந்தோம்" என்று நான் சொன்னால் தீர்ந்தது. ஆனால் மூலையில் டிவி ஓடியது. மரியாதை தெரிந்தவன், சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். ஹாஜி பேச்சை ஆதம் நபி காலத்திலிருந்து ஆரம்பித்து எங்கள் பாட்டனார் வரை வந்து சேர்ந்த நேரம், அங்கே ரோமாபுரித் தூதன் ராணியைச் சரணடையச் சொல்கிறான், அவள் வாளை உருவுகிறாள். "ஒரு நிமிஷம் ஹாஜி" என்று கையைக் காட்டினேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு போரே முடிந்துவிட்டது. சோப்பு விளம்பரம் வந்ததும் திரும்பினால், பன்னிரண்டு கிண்ணமும் ஆறிக் கிடக்கின்றன, பன்னிரண்டு பேரும் செருப்பு மாட்டுகிறார்கள்.

"காபி குடிக்காம எங்க வம்சத்துல எவனும் படியிறங்கினதில்ல, நஸ்மி" என்றார் ஹாஜி.

என் மனைவி ஃபௌசியா, "அந்த ராணியையே கட்டிக்கிட்டு அழு" என்று ரிமோட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மகள் அழுத கண்ணோடு வந்து, "அவளுக்கு ராஜ்யம் போனா அடுத்த நோன்புக்கு இன்னொரு தொடர்ல கிடைச்சிரும்ப்பா. எனக்கு லைத் போனா?" என்றாள். வெட்கத்தில் பேனாவைத் தேடினேன்.

ஆகவே தொடரை நிறுத்துங்கள். முடியாதென்றால் ராணியைக் கிரீடத்தோடு ஹாஜி வீட்டுக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். தங்கள் நோன்புகள் ஏற்கப்படட்டும், ஒட்டகங்கள் சொன்ன பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நஸ்மி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஒரு திருத்தம். இன்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி, அதே நேரத்துக்கு அவர்களைத் திரும்ப அழைத்து வந்தார்கள். டிவியை அணைத்து மேலே போர்வை போட்டிருந்தோம். ஹாஜி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "டிவிக்கு என்ன, காய்ச்சலா? எங்க வீட்டுல கரண்ட் இல்லைய்யா" என்றார். ஃபௌசியா அரிசிக்குள் கைவிட்டு ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். நான் ஒரே மூச்சில், "குடிங்க ஹாஜி, தந்தோம்!" என்றேன். அவர் கையைக் காட்டி, "இருய்யா, ராணி பேசுறா" என்றார். மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் கை. காபி மறுபடி ஆறத் தொடங்கியது. கடைசியில் ரிஹாப் உள்ளேயிருந்து வந்து, டிவியை மறைத்து நின்று, கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"குடிங்க மாமா. அப்புறம் நகர்றேன்."

ஒரே மடக்கில் குடித்தார். கல்யாணம் பெருநாள் கழித்து மூன்றாம் நாள். தொடரை நிறுத்த வேண்டாம். அன்றைக்கு மட்டும் மறு ஒளிபரப்புப் போட்டுவிடாதீர்கள்.